ஈயடிப்பான் யாருடையது?

போன கோடையில் என் மகன் ஒரு ஐஸ் குச்சி, ரப்பர் பேண்ட், கொஞ்சம் அட்டை ஆகியவற்றை வைத்து ஈ அடிக்கும் கருவி ஒன்றைச் செய்தான். இழுத்து விட்டால் அட்டை சீறிப் பாயும். ஈ பெரும்பாலும் தப்பிவிடும். "அப்பா, இதுக்கு பேட்டன்ட் வாங்கலாமா?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தேன். ரப்பர் பேண்டுக்கு 1845இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் பெர்ரி காப்புரிமை பெற்றார். கம்பிவலை வைத்த ஈயடிப்பானுக்கு 1900இல் அமெரிக்காவின் ராபர்ட் மான்ட்கோமரி பெற்றார். வலையின் துளைகள் வழியே காற்று போய்விடுவதால் அடி வேகமாக விழும். இரண்டையும் சேர்த்தால் புதுக் கண்டுபிடிப்பாகுமா? 2007இல் கார் ஆக்ஸிலரேட்டர் பெடல் குறித்த வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தெரிந்த பொருள்களைச் சேர்த்து எதிர்பார்த்த பலனை மட்டுமே பெற்றால், அது பெரும்பாலும் காப்புரிமைக்குத் தகாது.

எனக்கு அது நியாயமாகவே படுகிறது. காப்புரிமை ஒரு பேரம். ரகசியத்தை ஊருக்குச் சொல். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் மற்றவர்களைத் தடுக்கலாம். யாரையும் பார்க்காமல் தானாகவே அதை யோசித்தவனையும்கூடத் தடுக்கலாம். இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் குச்சிக்கும் ரப்பருக்கும் கொடுக்கக் கூடாது.

ஆனால் மகன் அடுத்துச் சொன்னதுதான் என்னை உறுத்தியது: "ரப்பரை முறுக்கிக் கட்டச் சொன்னது பக்கத்து வீட்டுப் பையன். அவன் பேரும் போடணும்."

என் பெயரிலும் ஒரு மென்பொருள் காப்புரிமை இருக்கிறது. அதன் முக்கியமான படி, ஒரு நள்ளிரவு அழைப்பில் சென்னையிலிருந்த ஒப்பந்தப் பொறியாளர் சொன்னது. "அவர் நம்ம ஆள் இல்லையே" என்றார் மேலாளர். நான் உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். உரிமை எப்படியும் நிறுவனத்துக்குத்தான் போயிற்று. அவருக்கும் எனக்கும் அதில் பங்கில்லை. ஆகவே நான் எடுத்துக்கொண்டது பணமல்ல, பெயர்.

உடைமையும் பெயரும் ஒன்றல்ல என்று சட்டமே சொல்கிறது. உடைமை கைமாறலாம், 20 ஆண்டில் தீர்ந்தும் போகலாம். யார் யோசித்தார் என்பது மாறுவதில்லை. விடுபட்ட பெயரைப் பின்னால் சேர்க்கவும் அமெரிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே, "இனி என்ன செய்ய முடியும்?" என்ற சமாதானம்கூட எனக்கு இல்லை.

மகனின் கருவியில் இப்போது பேனாவால் எழுதிய இரண்டு பெயர்கள் இருக்கின்றன.