சித்தம் கலங்கிய பிக்கு



பகவான் புத்தர் காலத்தில் கர்க்கர் என்றொரு பிக்கு சித்தம் கலங்கியிருந்தார். உபோசத நாளைச் சிலபொழுது நினைவார், சிலபொழுது மறப்பார். அவர் நினைப்பினும் மறப்பினும், வரினும் வாராவிடினும் சங்கம் உபோசதம் நடத்தலாம் எனப் பகவான் விதித்ததாக வினயத்தின் மகாவக்கம் கூறுகின்றது. பகவான் அவரைக் குற்றவாளியாக நிறுத்தவில்லை.

நான் நிறுத்தினேன். உறக்கமின்றி, உணவு வெறுத்து, வேலையில் மனம் செல்லாதிருந்த ஓர் அன்பர் என்னை நாடி வந்தார். தியானம் போதவில்லை என்றேன். மறுவாரமும் வந்தார், அதையே சொன்னேன். அவருடைய மனைவியார்தாம் மருத்துவரிடம் அழைத்துச் சென்று அவரை மீட்டார். ஆலையில் பேரிங் சூடேறினால் உடனே இயந்திரத்தை நிறுத்தி மெக்கானிக்கை அழைத்தவன் நான். மனிதர் விஷயத்தில் அது தோன்றாமற் போயிற்று!

துயரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து உறக்கமும் பசியும் உழைப்பும் கெடுமாயின், மனநல மருத்துவரைக் காணுங்கள். தியானம் அதற்கு ஈடாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மருத்துவமனைக்குத் தனியே செல்லக் கூசுவோர், பௌர்ணமிக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். உடன் வருகிறேன்.