ஒரே ஈத்து, இரண்டு எடை



ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதமாய் நாய்க்குட்டியின் எடையைப் பற்றியே பேசுகிறதாகக் கேள்விப்பட்டேன். நாய் விஷயத்தில் சாமியாருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பேச்சு நாயோடு நிற்கவில்லை.

சங்கதி இதுதான். நம் பங்கில் ஒருவர் சிப்பிப்பாறை நாய் வளர்த்து, குட்டி விற்றுப் பிழைக்கிறார். ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகளை இரண்டு குடும்பத்தார் ஒரே நாளில் வாங்கினார்கள். மூன்றாம் மாதத்தில் ஒன்று 5 கிலோ, மற்றது மூன்றரை. உடனே தீர்ப்பும் வந்துவிட்டது. அந்த வீட்டம்மாள் குட்டியைப் பட்டினி போடுகிறாள் என்றார்கள் சிலர். விற்றவன் நோஞ்சான் குட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றார்கள் வேறு சிலர். இப்போது அந்த மனிதரிடம் குட்டி கேட்டு வருவார் இல்லை. அந்த அம்மாளும் விடியற்காலைப் பூசைக்கு வந்து, யார் முகத்தையும் பாராமல் போய்விடுகிறார்.

நாயின் கர்ப்பப்பை இரண்டு கிளையாய்ப் பிரிந்தது. குட்டிகள் அதில் வரிசையாய்த் தங்கி, ஒவ்வொன்றும் தனித்தனி நஞ்சுக்கொடியால் போஷிக்கப்படுகின்றன. எல்லாவற்றிற்கும் ஒரே அளவாய் இரத்தம் போய்ச் சேருவதில்லை. ஆகையால் பிறக்கும்போதே கனத்த குட்டியும் உண்டு, மெலிந்த குட்டியும் உண்டு. ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன் இருக்கவும் கூடும்! பிறந்த பின்பு வலுத்தது மெலிந்ததைத் தள்ளிவிட்டு நல்ல காம்பைப் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது; குளிர்ந்துபோன குட்டி சரியாய்ப் பால் குடிக்காது, குடித்தாலும் செரிக்காது. இவை போதாதென்று குடற்புழு வேறு. தாய் நாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் புழுக்குஞ்சுகள் கர்ப்பத்திலேயே குட்டிக்குப் போய்விடுகின்றன. சாதாரணப் புழு மருந்துக்கு அவை அசைவதில்லை. எவ்வளவு கவனமாய் வளர்க்கிறவர் வீட்டிலும் இது நேரும். அதனால்தான் இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டிக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

சிப்பிப்பாறையோ முயல் வேட்டைக்கென்று வளர்த்த சாதி. ஓடுவதற்கான ஒல்லி உடம்பு. விலா கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அதை லாப்ரடாரோடு ஒப்பிட்டுப் பட்டினி என்று சொல்வது, பந்தயக் குதிரையைப் பார்த்து எருமை பரிதாபப்படுவது போலாகும்.

குட்டியைப் பட்டினி போடுகிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய் நாயை ஓயாமல் சினைப்படுத்திக் காசு பார்க்கிறவர்கள் உண்டு. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாதென்று 2017-ல் மத்திய அரசு விதி செய்திருந்தும், கண் திறந்ததும் விற்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டதைக் கண்டால் வாய்மூடி இருப்பது பிறர்சிநேகமல்ல. ஆனால் கண்டால் என்கிறேன். தராசு காட்டுவது எடையை மாத்திரமே; வீட்டார் மனதை அது காட்டாது.

அர்ச். லொயோலா இஞ்ஞாசியார் எழுதிய ஞானப் பயிற்சி நூலை மூன்றாம் சின்னப்பர் பாப்பரசர் 1548-ல் அங்கீகரித்தார். அதன் தொடக்கத்தில் ஓர் அறிவுரை இருக்கிறது. அயலான் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும். முடியாவிட்டால், என்ன கருதிச் சொன்னாய் என்று அவனையே கேட்கவேண்டும். சொல்லுக்கே இப்படியென்றால் செயலுக்குச் சொல்லவேண்டுமா? இந்த ஒரு மாதத்தில் அந்த அம்மாளை ஒருவராவது கேட்டீர்களா?

நான் கேட்டேன். அடுப்படியில் தொங்கும் நாட்காட்டியைக் காட்டினார். வாரா வாரம் குட்டியின் எடை பென்சிலால் எழுதியிருக்கிறது. ஒரு வாரமும் இறங்கவில்லை. உடன்பிறந்த குட்டியோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், தன் எடை தானே ஏறிவருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். மாட்டாஸ்பத்திரிக்கு மூன்று முறை தூக்கிப் போயிருக்கிறார். விற்றவரும் இது ஈத்தில் கடைசிக் குட்டி, மெலிந்தது என்று முன்னமே சொல்லி, விலையைக் குறைத்தே கொடுத்திருக்கிறார்.

போதுமான ஆதாரமின்றிப் பிறன்மேல் குற்றத்தை மனதுக்குள் நம்புவதே பாவம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் போதிக்கிறது. அதை வெளியே சொல்லிப் பரப்பினால், கெட்ட பெயரைச் சரிசெய்து கொடுக்கும் கடனும் கூடவே வருகிறது. திருடின ஆட்டைத் திருப்பிக் கொடாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுது பயனில்லை அல்லவா?

ஆகையால் தேநீர்க் கடையில் சொன்னவர்கள் அதே தேநீர்க் கடையில், கேட்டவர்கள் காதிலேயே மாற்றிச் சொல்லவேண்டும். கோயில் முற்றத்தில் சொன்னவர்கள் கோயில் முற்றத்தில். அந்த அம்மாள் வீட்டுக்கு நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் என்னோடு வரலாம். வியாழன் மாலை போகிறேன். விற்கிறவர் வீட்டில் இன்னும் இரண்டு குட்டிகள் விலைபோகாமல் இருக்கின்றன. 8 வாரம் நிறைந்துவிட்டது, தடுப்பூசியும் போட்டாயிற்று.