சாவி யாரிடம்?

பாகூர், வில்லியனூர் பக்கத்து வரைபடத்தை ஒருதரம் விரித்துப் பாருங்கள். புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று துண்டு துண்டாகக் கிடக்கும். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகம் பிரித்துக்கொண்டு போனதன் மிச்சம்.

1954 அக்டோபர் 18-ம் தேதி வில்லியனூருக்குப் பக்கத்தில் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் மொத்தமே 178 பிரதிநிதிகள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதற்கப்புறம் ஆறு மாசம் டயம் கொடுத்தார்கள். 'பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேணும்' என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம்!

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் பாரிஸில், தம்பி பிள்ளைகள் நெல் வயலில். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. "போனவங்களுக்கு இங்க என்ன உரிமை?" என்கிறார்கள் இவர்கள். "நாங்க பொறந்த வீடு இல்லையா?" என்கிறார்கள் அவர்கள். நீங்கள் யார் பக்கம்?

பதில் சொல்வதற்குமுன் ஜரீனாவைப் பற்றிக் கொஞ்சம். 1937-ல் அலிகாரில் பிறந்தவர். அப்பா சரித்திரப் பேராசிரியர். மகள் படித்தது கணக்கு. தேசப் பிரிவினை நடந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1959-ல் பெற்றோர் கராச்சிக்குப் போய்விட்டார்கள். ஜரீனா, வெளியுறவுத் துறையில் இருந்த கணவரோடு ஊர் ஊராகச் சுற்றினார். பாரிஸில் ஹேய்ட்டரிடம் அச்சுக்கலை கற்றார். கடைசியில் நியூயார்க்கில் தங்கி, அமெரிக்க அச்சுக்கலைஞராகப் பெயர் வாங்கினார். 2020-ல் காலமானார்.

அவர் திரும்பத் திரும்பச் செய்தது வீடு. 1994-ல் 'அப்பாவின் வீடு' என்று ஒரு படம். வெறும் தரைப்படம், அவ்வளவுதான். 1999-ல் வீட்டை நினைத்து 36 மரச்செதுக்குப் படங்கள். 2001-ல் இந்திய-பாகிஸ்தான் எல்லையை மட்டும் கறுப்பாக, ஒற்றைக் கோடாக அச்சடித்தார்.

மரக்கட்டையில் கறுப்புக் கோடு விழ வேண்டுமானால் கோட்டைத் தொடக் கூடாது. சுற்றியிருக்கிற மரத்தையெல்லாம் உளியால் தோண்டி எடுத்துவிடணும். மேடாக நிற்கிற கோட்டில்தான் மை ஒட்டும். ராட்கிளிஃப் போட்ட கோடும் அப்படித்தானே நின்றது? இரண்டு பக்கமும் எத்தனை ஊர்களைத் தோண்டியெடுத்துவிட்டு!

ஆகவே, போனவரைத் துரோகி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு மாசத்தில் ஆயுசுக்கும் முடிவெடு என்றால் மனுஷன் என்ன செய்வான்? பென்ஷன், பிள்ளைகள் படிப்பு, பயம்... எது எழுத வைத்ததோ!

ஆனால் பாரிஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை. ஜரீனாவுக்கு அலிகாருக்குத் திரும்பிப் போய்த் திறக்க ஒரு கதவு இல்லை. காகிதத்தில் கட்டிக்கொண்டார். உங்களிடம் சாவி இருக்கிறது. ஏக்கத்தை அங்கே வைத்துக்கொண்டு, இங்கே கூரையை ஒழுக விடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? வீட்டை நினைப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு இல்லையா? சுவரில் ஆலஞ்செடி முளைத்தால் பிடுங்குகிறவர் தம்பி. அவருக்கு அந்தப் பாதியில் காலடி வைக்கக்கூட அனுமதி இல்லை என்றால், எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பத்திரத்தில் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும். யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. அடுத்த தடவை வரும்போது சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது.