மலையடியில் வாழ்கிறவர்கள்

சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்மாட். அதற்கு மேலே 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரம் தனியாக நிற்கிறது. ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆறாயிரம் பேருக்குள்தான். பனிச்சறுக்குக் காலம் வந்துவிட்டால் அதைப்போலப் பல மடங்கு விருந்தினர் வந்து நிறைவார்கள். பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் இடமில்லை. காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் டேஷ் என்கிற பக்கத்து ஊரில் அதை விட்டுவிட்டு ரயிலில் வருகிறார்கள். பெரியதின் முன்னால் போய் நிற்பதற்கு முன் எதையாவது கழற்றி வைத்துவிட்டுப் போவது நமக்குப் பழகிய வழக்கம். அதனாலேயே இந்த ஊரின் ஏற்பாடு என் மனத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

இந்த ஊர் மனிதர்களை நினைக்கும்போது உல்ரிச் இந்தர்பினன்தான் முதலில் வந்து நிற்கிறார். 1900-இல் செர்மாட்டில் பிறந்தவர். 2004-இல் அங்கேயே மறைந்தார். இருபது வயதில் முதன்முதலாக மேட்டர்ஹார்னில் ஏறினார். பிறகு மலை வழிகாட்டியானார். அதே சிகரத்துக்கு 370 தடவைக்கு மேல் ஆட்களை அழைத்துப் போனார். கடைசியாக ஏறியது 1990-இல், கிட்டத்தட்டத் தொண்ணூறு வயதில். தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை, கார் வாங்கவில்லை. அவருடைய நடை மெதுவானது, ஒரே சீரானது. தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது வயது தொண்ணூற்றைந்து.

அந்த 370 என்ற எண்ணிக்கையை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஏறுகிறவருக்குச் சிகரம் ஒரு வெற்றி. பத்தாவது தடவை அது பழக்கம். நூறாவது தடவையில் ஏறுகிறவருக்கு அதில் என்ன இருக்க முடியும்? மலையிடமிருந்து அவர் பெற வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. கயிற்றின் மறுமுனையில் வருகிற மனிதர் மட்டும் இருக்கிறார். அவருக்கு இது முதல் தடவை. அவர் பயப்படுகிறார், மூச்சு வாங்குகிறார், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறார். வழிகாட்டியின் கவனம் முழுவதும் அந்தக் காலில் இருக்கிறது. பலனை எதிர்பாராத செயல் என்று நாம் பேசிக்கொண்டேயிருக்கிறோம். அது எப்படியிருக்கும் என்று காண விரும்பினால், இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையில் காணலாம்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஏறும்போது வழிகாட்டி முன்னால் போவார். இறங்கும்போது விருந்தினரை முன்னால் விட்டு, தான் கடைசியாக வருவார். கீழே இருப்பவர் சறுக்கினால் மேலே இருப்பவர் தாங்க வேண்டும் என்பதே காரணம். ஆபத்து எந்தப் பக்கமோ அதற்கேற்ப அவருடைய இடம் மாறுகிறது. முன்னால் நின்றதில் பெருமையும் இல்லை, பின்னால் வருவதில் குறையும் இல்லை.

இறங்கும் வழியின் ஆபத்தை ஊர் மிகுந்த விலை கொடுத்துத்தான் அறிந்திருக்கிறது. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் குழுவில் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். பிழைத்தவர்கள் விம்பரும், செர்மாட்டைச் சேர்ந்த பீட்டர் டவுக்வால்டர் என்ற தந்தையும், அதே பெயர் கொண்ட மகனும். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தந்தை கயிற்றை வெட்டிவிட்டார் என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனாலும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. அறுந்த கயிற்றின் துண்டு இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெல்லிய, நைந்த கயிறு. விம்பரின் பெயரை உலகம் அறியும்; பெரிய டவுக்வால்டர் சுமந்ததை அறிந்தவர்கள் குறைவு. எனக்கு அவர்மேல்தான் மனம் போகிறது. உண்மையைச் சொல்லிவிட்ட பிறகும் நம்பப்படாமல், அதே மலையைப் பார்த்துக்கொண்டு வாழ்வதற்கு எத்தனை உறுதி வேண்டியிருக்கும்!

செர்மாட்காரர்களைக் குறையில்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. 1850-களில் அங்கே வந்து, மான்டே ரோசா விடுதியை நடத்தி, ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அலெக்சாண்டர் சைலர். ஊர்ச் சமூகத்தின் முழு உரிமை கேட்டு அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1889-இல்தான் கிடைத்தது, 1891-இல் இறந்துவிட்டார். விருந்தினருக்குக் கதவைத் திறப்பது வேறு, வந்தவரைத் தம்மில் ஒருவராக ஏற்பது வேறு. இரண்டாவதற்கு இந்த ஊர் காலம் எடுத்துக்கொண்டது. எந்த ஊர்தான் எடுத்துக்கொள்ளவில்லை?

சுற்றுலா வருமுன் இங்கே வாழ்க்கை கடுமையானது. கொஞ்சம் ரை (rye) தானியம், ஆடு மாடு, நீண்ட பனிக்காலம். ஹின்டர்டார்ஃப் என்ற பழைய பகுதியில் அந்தக் காலத்து மரக் களஞ்சியங்கள் வெயிலில் கறுத்து நிற்கின்றன. கால்களின் மேல் வட்டமான கற்பலகைகளை வைத்து, அதன்மேல் களஞ்சியத்தை எழுப்பியிருக்கிறார்கள், எலி ஏறாமல் இருக்க. தேவையானதை மட்டும், ஆனால் அக்கறையோடு செய்த வேலை.

2020-இல் நோய்த்தொற்றால் விடுதிகள் காலியாகி வருமானம் நின்றபோது, இரவுதோறும் மேட்டர்ஹார்ன்மேல் ஒளியோவியம் பாய்ச்சினார்கள். கெரி ஹோஃப்ஸ்டெட்டர் என்ற சுவிஸ் கலைஞர் அதைச் செய்தார். துயரப்பட்ட நாடுகளின் கொடிகள் சிகரத்தில் ஒளிர்ந்தன. ஏப்ரலில் நம் மூவர்ணக் கொடியும். கூட்டம் வந்து பார்க்க முடியாத நாட்களில், வர முடியாதவர்களுக்காகச் செய்தது அது.

செர்மாட் போகிறவர்களில் பலர் கோர்னர்கிராட் முகட்டுக்கு ரயிலேறி, படம் எடுத்துக்கொண்டு, மாலையே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால், தேவாலயத்தை ஒட்டியிருக்கும் மலையேறிகளின் கல்லறைக்கும் ஒரு அரை மணி நேரம் கொடுங்கள். மேட்டர்ஹார்னில் இதுவரை 500 பேருக்கு மேல் உயிரிழந்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த இளைஞர்கள் பலர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவசரப்படாமல் பெயர்களைப் படியுங்கள்.