பாட்டிக்கு நாம் பட்ட கடன்

உம்மம்மா என்றும், வாப்பும்மா என்றும், நன்னி என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயர் சொல்லி அழைத்தாலும், பாட்டியின் மடி எங்கும் ஒன்றுதான். உம்மா அடித்தால் பிள்ளை ஓடி ஒளியும் இடம் அது. அந்தப் பாட்டி வபாத்தாகிவிட்டால் வீடே வெறிச்சோடிப் போகிறது. ஆனால் சில மாதங்கள் கழிந்ததும், ஒரு நாள் முழுவதும் அவரை எண்ணாமலே இருந்துவிட்டோம் என்பது திடீரென்று உறைக்கிறது. 'இவ்வளவுதானா நம் பாசம்?' என்று மனம் குத்துகிறது. மறப்பது துரோகமா? நினைப்பது என்றால்தான் என்ன? இதைச் சற்றே சிந்திப்போம்.

அழுவது குற்றமன்று. தம் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்களும் நீர் சொரிந்தன. ஆனால் துக்கம் காப்பதற்கு மார்க்கம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. கணவனை இழந்தவளுக்கு 4 மாதம் 10 நாள். மற்ற எவருக்காகவும் 3 நாள்களுக்கு மேல் இல்லை. ஆகவே நாளடைவில் துயரம் ஆறுவது துரோகமன்று. அது ரப்பின் கருணை. கண்ணீர் நம் நெஞ்சின் பாரத்தை இறக்குகிறது. கபுறில் இருப்பவருக்குப் பயன் தரும் நினைவோ வேறொன்று.

அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹதீது நூல்களில் காண்கிறோம். ஒரு பாட்டி வந்து, இறந்துபோன பேரனின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டார். திருமறையில் பாட்டிக்கென்று பங்கு எதையும் தாம் காணவில்லை என்று கூறிய கலீபா அவர்கள், அத்துடன் அவரை விரட்டிவிடவில்லை. மக்களிடம் விசாரித்தார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் எழுந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாட்டிக்கு 6-இல் 1 பங்கு கொடுத்ததைத் தாம் அறிவதாகச் சொன்னார்கள். வேறு சாட்சி உண்டா என்று கலீபா கேட்க, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களும் அதையே உறுதி செய்தார்கள். பாட்டிக்குப் பங்கு கிடைத்தது.

அங்கே இரு தோழர்களின் நினைவு ஒரு கிழவிக்கு ஹக்காக மாறியது! நினைவின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிக்கும் நினைவே நினைவு.

இந்த உரைகல்லில் நம் வீடுகளை உரசிப் பார்ப்போம். பாட்டி விட்டுச் சென்றதில் அடக்கச் செலவு போக, முதலில் அடைக்க வேண்டியது அவருடைய கடன்; அடுத்து 3-இல் 1 பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து; அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. ஆனால் நடப்பது என்ன? "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பங்கு?" என்று பெண் மக்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்பது திருமறையின் தீர்ப்பல்லவா? பாட்டி பெற்ற மகளின் பங்கை விழுங்கிவிட்டுப் பாட்டியின் பெயரைச் சொல்லி அழுவதில் என்ன பொருள்?

நாற்பதாம் நாள் சோறாக்கலாமா கூடாதா என்ற தர்க்கத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. அந்தச் சோறு யார் பணத்தில் என்பதே நம் கேள்வி. வாரிசுகளில் பருவமடையாத அநாதைப் பிள்ளை இருந்தால், அதன் பங்கிலிருந்து ஒரு காசும் விருந்துக்கு எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அநாதையின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பிறரை ஏவினார்கள். மவுத்தான வீட்டுக்கு ஊர் சோறு கொடுப்பதே சுன்னத்து!

ஹக்கைத் தீர்த்தபின் நன்மையைச் சேர்ப்போம். தாம் ஊரில் இல்லாதபோது இறந்துபோன தாயாருக்காகத் தர்மம் செய்தால் பயன்படுமா என்று ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பயன்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறவே, தம் தோட்டத்தையே தர்மமாக்கினார்கள். நம்மிடம் தோட்டம் இல்லாமல் இருக்கலாம். உலை வைக்கும்போதெல்லாம் மதரஸாவுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தாரே பாட்டி, அந்தப் பானை இப்போது எங்கே? அதை மீண்டும் அடுப்பங்கரையில் வைக்கலாம் அல்லவா?

கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்த பிறகும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழிகளுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பங்கு அனுப்பி வந்தார்கள். நம் பாட்டியுடன் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுப் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி அடுத்த தெருவில் தனியே கிடக்கலாம். பெருநாளன்று அவருக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால், அது பாட்டிக்குச் செய்யும் மரியாதை.

இவையெல்லாம் செய்ய வசதியற்ற ஏழைப் பேரனுக்கும் ஒரு வழி உண்டு. மடியில் இருத்தி அல்ஹம்து சூராவைச் சொல்லிக் கொடுத்தவர் பல வீடுகளில் பாட்டிதான். பர்ளுத் தொழுகைகள் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள். மனிதன் இறந்தபின்னும் அறுந்து போகாத மூன்றில் ஒன்று, அவன் விட்டுச் சென்ற பயனுள்ள கல்வி. பேரன் தொழும்போதெல்லாம் அவர் கற்பித்த கல்வி பயன் தருகிறது. அவன் தொழுகையை விட்டால், பாட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய நன்மையின் வாய்க்காலையும் சேர்த்தல்லவா அடைக்கிறான்!

ஆகவே, முகம் மங்கிவிட்டதே என்று வருந்த வேண்டாம். அவருடைய கடன் நின்றுவிடாமலும், அவர் மகளின் பங்கு மறுக்கப்படாமலும், அவர் தொடங்கிய நன்மை தடைபடாமலும் பார்த்துக்கொள்வோம். நம்மை வளர்த்து மறைந்த மூதாட்டிகளின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுறுகளை ஒளிமயமாக்கி வைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.