அடிவரை தோண்டுங்கள்

காட்டுக் காளான்களை அடையாளம் காணப் பழகுகிறவரின் கண் முதலில் குடையில்தான் நிற்கும். பார்க்கவேண்டியதோ மண்ணுக்குள்ளும் இருக்கிறது. ஐரோப்பிய ஓக் மரங்களின் அடியில் முளைக்கும் ‘மரணத் தொப்பி’க் காளானின் தண்டு, கிழிந்த வெண்ணிறப் பை ஒன்றிலிருந்து எழுந்து நிற்கும். கத்தியால் மேலாக அறுத்தால் அந்த அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். தொடுவதால் நஞ்சு ஏறாது. அடியோடு தோண்டி எடுங்கள்.

நாம் உண்ணும் வைக்கோல் காளானுக்கும் அதே போன்ற பை உண்டு. வெளிநாடுகளில் குடியேறிய ஆசியர் சிலர் ஏமாந்து உயிரிழந்தது இந்த ஒற்றுமையால்தான். குடையை மட்டும் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால் வித்துத்தூள் உதிரும். வைக்கோல் காளானில் அது இளஞ்சிவப்பு, மரணத் தொப்பியில் வெள்ளை. மொட்டுப் பருவத்தில் இந்தச் சோதனையும் உதவாது.

வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் உயிரைப் பறிக்கும் பொய்கள். கொதிக்க வைத்தாலும் மரணத் தொப்பியின் நஞ்சு அழியாது. உண்டபின் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு தணிந்து, உடம்பு தேறியதுபோல் தோன்றும். அப்போது கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும்.

தொடக்கத்தில் கூடை வேண்டாம், குறிப்பேடு போதும். அருகில் நின்ற மரம், மணம், குடையின் அடியிலுள்ள செவுளின் நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். நன்கு அறிந்தவர் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லும்வரை எதையும் சமைக்காதீர்கள்.