பழைய வாகனமும் பற்றின் எல்லையும்

பொருள்களின் மீது பற்று வைக்கலாகாது என்று பெரியோர் பலரும் நமக்குச் சொல்லி வைத்துள்ளனர். ஆயினும், தாயார் விட்டுச் சென்ற பாக்குவெட்டியை எறிய மனமின்றிப் பெட்டியில் பாதுகாத்து வரும் மகளை உலகாசை பிடித்தவள் என்று நாம் பழிப்பதில்லை. சந்தையில் அந்த இரும்புத் துண்டுக்கு விலை ஏதுமில்லை. அவள் நெஞ்சிலோ அதற்கு விலை மதிக்க இயலாது. அப்படியாயின் எந்தப் பற்று இழுக்கு? எந்தப் பற்று நன்றி? இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? பண்பொழியில் நாம் கண்ட ஒரு காட்சி இக்கேள்வியை நம்முள் எழுப்பிற்று.

பைம்பொழில் என்னும் பெயரே பண்பொழி என மருவிற்று என்பர். ஒருபுறம் திருமலைக் குன்று, அதன் பின்னே மேற்கு மலைத்தொடர், கீழே வயலும் தென்னந்தோப்பும். குற்றாலச் சாரல் அங்கும் வந்து முகத்தில் தெறிக்கும் ஒரு பிற்பகலில், மழைக்காகச் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒதுங்கினோம். உள்ளே யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் ஒன்று முற்றிலும் பிரிக்கப்பட்டு, சாக்கின்மீது பரப்பி வைக்கப்பட்டிருந்தது. நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் மெக்கானிக்கின் அருகே அமர்ந்து ஒவ்வோர் உறுப்பையும் துடைத்துக் கொண்டிருந்தார்.

"இதற்கு ஆகும் செலவில் புது வண்டியே வாங்கிவிடலாமே, தம்பி?" என்று கேட்டோம்.

"வாங்கலாம் மாமா. ஆனால் அதில் அத்தாவுடைய சத்தம் வராதே" என்றார் அவர்.

அவருடைய தந்தையார் வளைகுடா நாட்டில் உழைத்தவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் ஊர் வருவார். அப்படி வந்த ஒருமுறை வாங்கிய வண்டி அது. எஞ்சிய மாதங்களில் தார்ப்பாய் போர்த்தித் திண்ணையோரம் நிற்கும். தெருமுனையில் அவ்வொலி கேட்டால் அத்தா வீடு வருகிறார்கள் என்று பொருள். கேட்காத மாதங்களில் அத்தா கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று பொருள். தந்தையார் வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டி மட்டும் நின்றது.

இந்த ஒருவர் மட்டும் இப்படியல்லர். நம் நாட்டில் பல்லாயிரம் பேர் ஜப்பானியப் பழைய வண்டிகளின்மீது இத்தகைய பாசம் வைத்துள்ளனர். ஏன் ஜப்பானிய வண்டிகள்? 1980ஆம் ஆண்டுகள் வரை நம் சாலைகளில் புல்லட், ராஜ்தூத், யெஸ்டி போன்ற சில வண்டிகளே ஓடின. பின்னர் அயல்நாட்டுக் கூட்டுத் தொழிலுக்கு அரசு இடமளித்தது. 1984இல் நம் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. அதைத் தந்த டி.வி.எஸ். நிறுவனத்தாரின் முன்னோர் ஊர் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியே. 1985இல் ஹீரோ ஹோண்டாவும், எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்.எக்ஸ். 100ம் வந்தன. அடுத்து கவாஸாகி பஜாஜ் வந்தது. சிறிய உருவம், குறைந்த எடை, உதைத்தவுடன் உயிர் பெறும் எஞ்சின்: இளைஞர் உலகம் மயங்கிப் போயிற்று.

இவ்வண்டிகளின் பிறப்பிடத்தைத் தேடினால் வியப்பே மிஞ்சும். யமஹா, சுசுகி, ஹோண்டா ஆகிய மூன்று பெயர்களும் ஹமாமட்சு என்னும் ஒரே நகரத்துடன் பிணைந்தவை. 1887இல் அங்கே பள்ளிக்கூட ஆர்மோனியம் போன்ற ஓர் இசைக்கருவியைப் பழுது பார்த்தவர் டொரகுசு யமஹா. அவர் நிறுவிய இசைக்கருவித் தொழிலின் வழியில்தான் 1955இல் மோட்டார் சைக்கிள் பிறந்தது. வண்டியின் சின்னத்தில் இன்றும் மூன்று இசைக்கவைகளைக் காணலாம். சுசுகியின் தொடக்கம் 1909இல் தறி செய்யும் பட்டறை. கடையநல்லூர்த் தறிகளின் ஓசையில் வளர்ந்த நம் மக்களுக்கு இச்செய்தி அந்நியமாய்த் தோன்றாது. ஹோண்டாவோ, போர் முடிந்த வறுமையில், படையினர் விட்டுச் சென்ற சிற்றெஞ்சின்களை 1946இல் மிதிவண்டிகளில் பொருத்தித் தொழிலைத் தொடங்கினார். செல்வச் செருக்கில் பிறந்தவை அல்ல இவை. பழுது பார்த்த கைகளில் பிறந்தவை.

பழுது பார்க்கும் கைக்கு அடங்கும் தன்மை அவ்வண்டிகளில் பின்னும் நிலைத்தது. ஆர்.எக்ஸ். 100 இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. தண்டு ஒருமுறை சுழலும்போதே ஒருமுறை வெடிப்பு நிகழ்ந்து விசை கிடைக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே கிடைக்கும். ஆகவேதான் 98 சி.சி. அளவே உள்ள எஞ்சின் 11 குதிரைத்திறன் தந்து, ஏறத்தாழ நூறு கிலோ எடையை அம்புபோல் செலுத்திற்று. உள்ளுறுப்புகளும் குறைவு. தலையைக் கழற்றினால் பிஸ்டன் கண்ணுக்குத் தெரியும். சில ஸ்பானர்கள் இருந்தால் காலையில் பிரித்து மாலையில் கோத்துவிடலாம். அதே காலத்து நான்கு ஸ்ட்ரோக் வண்டியொன்றின் விளம்பரமோ, பெட்ரோல் ஊற்றி மூடியபின் மறந்துவிடலாம் என்று பெருமை பேசிற்று. குடும்பத் தலைவருக்கு அது பெரும் வரமே. ஆனால் மறக்க முடிந்த பொருளின்மீது பாசம் எப்படி வளரும்? கை நோகப் பேணியவற்றின்மீதே மனிதனுக்குப் பிரியம் மிகுகிறது.

ஆயினும் பற்றின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். 1983இல் வந்த ராஜ்தூத் 350 வண்டி யமஹா ஆர்.டி. 350இன் இந்திய வடிவம், 347 சி.சி., இரட்டை சிலிண்டர். பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கிறது, விலையும் அதிகம் என்று அன்று மக்கள் ஒதுக்கினர். சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அதே வண்டியை அன்றைய விலையைப் போலப் பன்மடங்கு கொடுத்து வாங்கப் போட்டியிடுகின்றனர். வண்டி மாறவில்லை, அது அரிதாகிவிட்டது, அவ்வளவே. பிறரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்னும் நினைப்பு, பாசத்தின் சட்டையை அணிந்துகொண்டு வருவதை நாம் கவனிக்க வேண்டாமா?

இன்னொன்று, புகை. எரிந்த புகை வெளியேறும் வழியிலேயே, எரியாத புதிய கலவையின் ஒரு பகுதியும் தப்பிச் செல்வது இவ்வெஞ்சினின் இயல்பு. பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. 1990ஆம் ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடுகள் இறுகிவந்த நிலையில், 1996இல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. நாம் இனிய நினைவாகச் சுவாசிப்பதை அடுத்த வீட்டுக் குழந்தை நஞ்சாகச் சுவாசிக்கிறது.

பட்டறையில் நாம் சந்தித்த அன்பருக்கும் இச்சோதனை வந்திருந்தது. சைலன்சரின் உட்குழாயை எடுத்துவிட்டால் தெருவே அதிரும் என்று நண்பர்கள் யோசனை கூறினர். அவரும் அவ்வாறே செய்தார். மூன்றாம் நாள், மூச்சிரைப்பால் அவதியுறும் அடுத்த வீட்டு மூதாட்டி அவரை அழைத்து, "உன் அத்தா இந்த வண்டியை ஓட்டிய காலத்தில் என் பேரப்பிள்ளை தொட்டிலில் தூங்குவானப்பா, ஒருநாளும் விழித்ததில்லை" என்றாராம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அச்சொல்தான் தம்மைச் சுட்டது என்று அன்பர் நம்மிடம் சொன்னார். தந்தையின் ஒலி என்று தாம் எழுப்பியது தந்தையின் ஒலியே அன்று. தம்முடைய ஆர்ப்பரிப்பு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. அன்று அந்த மழையில் பட்டறையில் நடந்துகொண்டிருந்தது, பழைய சைலன்சரை அதன் உட்குழாயுடன் மீண்டும் பொருத்தும் வேலை.

நாம் தேடிய கோடு அங்கே தென்பட்டது. நன்றியால் எழும் பற்று பொருளை அதன் இயல்பில் காக்க விரும்பும். செருக்கால் எழும் பற்று அதைக் கருவியாக்கித் தன்னைக் காட்ட விரும்பும். முன்னது பொருளை அமானிதமாகக் கருதும். பின்னது அதனை வெற்றிச் சின்னமாகக் கருதும். சைலன்சரை வெட்டுவது சட்டத்துக்கும் மாறானது. ஆனால் சட்டம் வரும் முன்பே மனச்சான்று வந்திருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் இல்லங்களில் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லையே!

புகைக்கு மட்டும் முழுத் தீர்வு இல்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு செம்மையாகப் பேணினாலும் அவ்வெஞ்சின் புகையும். ஆகவே அத்தகைய வண்டி அன்றாடச் சவாரிக்கு உரியதன்று. அந்த அன்பர் வகுத்துக்கொண்ட முறை எளியது. தெருவுக்குள் வண்டியை உதைப்பதில்லை. தள்ளிக்கொண்டே பெரிய சாலைக்கு வந்து, வயல்வெளிப் பக்கம் சென்றபின் கிளப்புவார். அதுவும் எப்போதேனும் ஒருமுறை.

"தள்ளுவது சிரமமில்லையா?" என்றோம்.

"அத்தா எங்களுக்காக எவ்வளவோ தள்ளினார்கள், மாமா" என்றார் அவர்.

நம் வீடுகளிலும் வண்டியோ கடிகாரமோ தையல் இயந்திரமோ, முன்னோர் விட்டுச் சென்ற ஏதோவொன்று இருக்கும். அதைத் துடைத்து வைப்பதில் குற்றமில்லை. அதற்கான சிரமத்தை நாம் சுமக்கிறோமா, அல்லது பிறர்மீது சுமத்துகிறோமா என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.